நிலாவுக்கு எதிர்ச்சொல் கிடையாது

தமிழ் வினாத்தாள் எழுதுகிற, விடைத்தாள் திருத்துகிற ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. பிரான்மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பதினாறாம் நாள் காரியம். முப்பது வருஷமாக நான் அடித்துக் கொடுக்கிற இலக்கியம் இவ்வளவுதான். ஊரில் யார் பிறந்தார், யாருக்குக் காது குத்து, யார் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்குத் தெரிந்த பிறகுதான் சுவருக்கே தெரியும்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வுத் தாளைக் கையெழுத்துக்காகக் கொண்டு வந்து நீட்டினாள். தமிழில் நல்ல மதிப்பெண். சும்மா புரட்டிப் பார்த்தபோது ஓர் இடத்தில் கண் நின்றது. பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டைக் கொடுத்து, ‘இப்பாடலில் அமைந்துள்ள முரண் சொற்களை எடுத்தெழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். இவள் ‘அற்றை × இற்றை, அவ் × இவ், உடையேம் × இலம்’ என்று எழுதியிருந்தாள். அதோடு நிறுத்தாமல் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: ‘நிலாவுக்கு எதிர்ச்சொல் இல்லை. அதனால்தான் இந்தப் பாட்டு.’

அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் ‘தேவையற்றது’.

மதிப்பெண் குறையவில்லை. இரண்டுக்கு இரண்டு. அதனால் இது மறுகூட்டல் கேட்டு எழுதுகிற மடல் இல்லை. அந்த ஆசிரியரைக் குறை சொல்லவும் இல்லை. விடைக்குறிப்பில் மூன்று ஜோடி இருக்கும், மூன்றும் வந்துவிட்டது, மிச்சத்தை அடித்திருக்கிறார். நாற்பது தாள் திருத்துகிறவருக்கு வேறு என்ன செய்ய முடியும்? நான் பேச வந்தது அந்த விடைக்குறிப்பைப் பற்றி. தாளை வீட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, அவள் எழுதியதிலேயே தேவையானது அந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பாட்டு ஐந்தே வரி. உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனாலும் டைப் அடிக்கிறவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதல் வரியை அடித்துவிட்டால் மூன்றாவது வரியைப் புதிதாக அடிக்க வேண்டியதில்லை. காப்பி எடுத்து ஒட்டி, இரண்டு இடத்தில் ‘அ’வை அழித்துவிட்டு ‘இ’ போட்டால் முடிந்தது. அந்த இரண்டு எழுத்துக்கு நடுவே ஓர் அப்பா செத்துப்போயிருக்கிறார். மூன்று ராஜாக்கள் சேர்ந்து முற்றுகை போட்டு, ‘முந்நூறு ஊர்த்தே’ என்று கபிலர் கணக்குச் சொன்ன பறம்பு நாடே கைமாறிவிட்டது. வரியில் மாறியது என்னவோ ஓர் அகரமும் ஓர் இகரமும்தான். திங்கள் அப்படியே இருக்கிறது. வெண்ணிலவு அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் பாதியில் அப்பா முதலில் வருகிறார், குன்று பிறகு வருகிறது. இரண்டாம் பாதியில் வரிசை தலைகீழ். குன்று போனதை முதலில் சொல்லிவிட்டு, அப்பா இல்லை என்பதைக் கடைசிச் சொல்லுக்குத் தள்ளியிருக்கிறார்கள். சாவு வீட்டிலிருந்து போஸ்டர் அடிக்க வருகிறவர்களும் இப்படித்தான். என்ன சைஸ், எத்தனை காப்பி, பஸ் ஸ்டாண்டில் ஒட்ட ஆள் உண்டா என்றெல்லாம் தெளிவாகப் பேசுவார்கள். ‘பேர் சொல்லுங்க’ என்று கேட்டதும்தான் குரல் போய்விடும்.

‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்பதும் பாராட்டு இல்லையாம். மூன்று பேர் கூடி வஞ்சித்துக் கொன்றுவிட்டு முரசு கொட்டுகிறார்களே என்கிற இகழ்ச்சிக் குறிப்பு என்று பழைய உரைகாரர் சொல்கிறார். வெற்றி என்ற சொல்லுக்குள்ளேயே அதன் எதிர்ப்பொருளை வைத்திருக்கிறார்கள் அந்தப் பெண்கள். இதையும் ‘×’ போட்டு எழுத வழியில்லை.

சரி, நிலாவுக்கு வருகிறேன். சினிமாவில் சாவு என்றால் மழை பெய்யும், காற்றடிக்கும், விளக்கு அணையும். வானமே நம்மோடு சேர்ந்து அழும். பாரி மகளிருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. போன மாதம் காய்ந்த அதே வெள்ளை நிலா இந்த மாதமும் கூசாமல் வந்து காய்கிறது. நிலா கொஞ்சம் மங்கியிருந்தாலும் பாட்டு செத்திருக்கும். முரண் என்றால் இரண்டு வேறு பொருளை எதிரெதிரே நிறுத்துவது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சாவைப் பாடிய பெரிய கவிகளைப் பார்த்தால், அவர்கள் ஒரே பொருளை எடுத்து இரண்டு தடவை காட்டியிருக்கிறார்கள். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் ஆள் போய்விடுகிறார், பொருள் மட்டும் கிடக்கிறது. என் மகளுக்கு அதைத்தான் சொல்லத் தெரியாமல், இல்லை, சொல்லத் தெரிந்து, ஒரு வரியில் எழுதிவிட்டாள்.

தொல்காப்பியர் இதற்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார். ‘மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே.’ மொழியில் முரணுவதும் முரண், பொருளில் முரணுவதும் முரண். எதுகை, மோனை என்று வருகிற தொடை எட்டில் முரணை நடத்தும்போது முதல் பாதியைக் கேட்டுவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். திருத்துவதற்கு அது லேசு இல்லை என்பது எனக்கும் புரிகிறது.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் பயமாகவே உண்டு. நான் சேர்ந்த புதிதில் கணினி கிடையாது, ஈய எழுத்துதான். கட்டையில் கோத்து, அடித்து முடித்ததும் கழுவிப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். காலையில் முகூர்த்தப் பத்திரிகையில் நின்ற அதே எழுத்துகள் சாயங்காலம் கருமாதிக் கடிதத்தில் நிற்கும். எங்கள் பழைய முதலாளி அடிக்கடி சொல்வார்: “டேய், ‘மணம்’னு வர்ற இடத்துல மட்டும் ரெண்டு தரம் புரூஃப் பாரு. நடுவுல ஒரு ‘ர’ கூடிச்சுன்னா ஊரே வந்து உதைக்கும்.” அன்றைக்குச் சிரித்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை. ஆயிரம் காப்பி அடித்து, கட்டுப் போட்டு வைத்திருந்தேன். மறுநாள் காலை பெண்ணின் சித்தப்பா வந்து நின்றார். “கொஞ்சம் மாத்தணும்” என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை. தலை மழித்திருந்தது. முகூர்த்தம் ஒரு மாதம் தள்ளிப் போகிறது, தாத்தா பேரையும் திருத்த வேண்டும். ஃபைலைத் திறந்து ‘திரு’வுக்கு முன்னால் ‘தெய்வத்’ என்று அடித்தேன். தெ, ய், வ, த். நான்கு எழுத்து. அவர் என் தோளுக்கு மேல் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா பேரு அப்படியேதானே இருக்கு?” என்றார். அப்படியேதான் இருந்தது. அதே எழுத்துரு, அதே சைஸ், அதே வரி. ஆயிரம் பழைய காப்பியைப் பழைய பேப்பருக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கட்டு ரொம்ப நாள் மேசைக்கு அடியில் கிடந்தது.

திருமூலர் சொல்வது இதற்கு நேர் எதிர். ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ என்கிறார். அதுவும் உண்மைதான். நேற்று வரை பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷனைப் பற்றி, மூச்சு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் “பாடியை எப்ப எடுக்கிறாங்க?” என்றுதானே கேட்கிறோம். சுடுகாடு வரைக்கும் பேர் கிடையாது. அதற்குப் பிறகு எங்கள் அச்சகத்துக்கு வந்து திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

பக்குடுக்கை நன்கணியாரின் பாட்டு இன்னொன்று, புறநானூறு 194. ‘ஓரில் நெய்தல் கறங்க ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’ என்று தொடங்கும். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஓரிடத்தில் பூச்சூடிக்கொள்கிறார்கள், இன்னோரிடத்தில் கண்ணீர் வடிக்கிறார்கள். இதில் ‘புணர்ந்தோர் × பிரிந்தோர், இன்னாது × இனிய’ என்று எடுத்துவிடலாம், சுலபம். ஆனால் பாட்டின் சூடு அந்த ஜோடிகளில் இல்லை. நடுவில் ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்’ என்று ஒரு வரி வருகிறது பாருங்கள். இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவனுக்குப் பண்பே கிடையாது என்று முகத்துக்கு நேரே திட்டிவிட்டார். பழைய உரை இதன் கடைசி அடியை வீட்டின்பத்தின், அதாவது மோட்சத்தின், பக்கம் கொண்டுபோய் விடுகிறது. எனக்கென்னவோ திட்டிய வாய் அவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகியிருக்கும் என்று தோன்றவில்லை.

எங்கள் ஊரில் பந்தல்காரர் ஒருவர்தான். நாற்காலியும் அவரிடம் ஒரே செட், நீல நாற்காலி. ஒரே தெருவில் ஒரே வாரம் சாவும் கல்யாணமும் வந்தால் அந்த நாற்காலிகள்தான் இரண்டுக்கும் போகும். ஒன்று மட்டும் செய்வார். சாவு வீட்டிலிருந்து நேரே கல்யாண வீட்டுக்கு ஏற்ற மாட்டார். நடுவில் இறக்கி, ஒவ்வொன்றின் மேலும் வாளியில் தண்ணீர் மோந்து ஊற்றிவிட்டுத்தான் ஏற்றுவார். தண்ணீர் சொட்டச் சொட்ட அடுக்கிப் போகிற அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்கணியார் ஞாபகம் வரும்.

நாலடியார் இன்னும் ஒரு படி போகிறது. நன்கணியாருக்கு இரண்டு வீடு, இரண்டு பறை தேவைப்பட்டது. நாலடியார் 23ஆம் பாட்டில் மணப்பறையாகக் கொட்டியதே அன்றைக்கே, அங்கேயே, அவர்களுக்கே பிணப்பறையாகிவிடுகிறது. பொதுவாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது அந்தப் பாட்டைத்தான். எனக்குப் பிடித்தது 25. ஊர்வலம் பிணம் தூக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஒருவன் கல்யாணம் கட்டிக்கொண்டு, இந்த உலகத்தில் இன்பம் ‘உண்டுண்டுண்டு’ என்கிறானாம். சாப்பறை அவனுக்குப் பதில் சொல்கிறதாம்:

கணங்கொண்டு சுற்றத்தார் கல்லென் றலறப்
பிணங்கொண்டு காட்டுய்ப்பார்க் கண்டும் மணங்கொண்டீண்
டுண்டுண்டுண் டென்னும் உணர்வினான் சாற்றுமே
டொண்டொண்டொ டென்னும் பறை

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘உண்டுண்டுண்டு’, ‘டொண்டொண்டொடு’. மனுஷன் சொல்கிறதும் பறை சொல்கிறதும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவன் ‘இருக்கிறது’ என்று அடித்துச் சொல்லும் சத்தத்தையே அது வாங்கிக்கொண்டு ‘போகிறது’ என்று கொட்டுகிறது. கணம், பிணம், மணம் என்று வந்ததைப் பிள்ளைகள் எதுகைக் கேள்விக்கு எழுதிவிடுவார்கள். எதுகைக்காகப் பக்கத்தில் வந்த சொல்லே முரணாகவும் நிற்கிறது என்பதை எந்தக் கேள்விக்கு எழுதுவார்கள்?

ஒரு சின்ன மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். நாலடியார் துறவிகள் பாடியது. முடிவு அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் பறைச் சத்தம் கேட்டதும் பாடம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். புறநானூற்றில் அந்த அவசரம் இல்லை. நாம்தான் ‘நிலையாமை’ என்ற ஒரே உறையில் எல்லாவற்றையும் போட்டு ஒட்டிவிட்டோம்.

இப்போது உங்கள் விடைக்குறிப்பு கைவிட்டே தீர வேண்டிய ஒரு பாட்டு. ஒக்கூர் மாசாத்தனார், புறநானூறு 248. இதுவும் ஐந்து வரிதான். கணவனை இழந்தவள் சொல்கிறாள்: ‘அளிய தாமே சிறுவெள் ளாம்பல்.’ பாவம், இந்தச் சின்ன வெள்ளை ஆம்பல்! நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது எங்களுக்குத் தழையாடையாக இருந்தன. இப்போது அவர் போய்விட்டார். வேளைக்கு உண்ணாமல், பொழுது மறுத்து உண்கிற துக்க நாட்களில் அல்லியரிசியாகிச் சோறாக இருக்கின்றன.

இதில் முரண் சொற்களை எடுத்தெழுதச் சொன்னால் பிள்ளை எதை எழுதும்? ‘தழையாயினவே’ என்றும், சோறு என்ற பொருளில் ‘புல்லாயினவே’ என்றும் எதிரெதிரே நிற்கின்றன. தழைக்கு எதிர்ச்சொல் புல் என்று எந்த அகராதியாவது சொல்லுமா? சொல்லளவில் இதில் முரணே இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் அந்த இரண்டு ‘ஆயினவே’க்கு நடுவில் போய் முடிந்துவிட்டது. தாலி, வளையல், பொட்டு எதையும் அவள் தொடவில்லை. குளத்தில் இருக்கிற பூவைச் சொன்னாள். அப்புறம், ‘பாவம்’ என்று அவள் சொன்னது தன்னை இல்லை, பூவை. இடுப்பில் கிடந்து ஆட வேண்டிய பூ இப்படிச் சோறாகும்படி ஆகிவிட்டதே என்று அதற்காக இரக்கப்படுகிறாள்.

எங்கள் பக்கத்து ஊருணிகளில் வெள்ளை அல்லி இன்னும் உண்டு. சின்ன வயசில் தண்டோடு பறித்து, நார் அறாமல் அங்கங்கே ஒடித்து ஒடித்து, மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். பூ நெஞ்சில் தொங்கும். எங்கள் அப்பத்தா ஒரு தடவை அல்லிக்காயை நகத்தால் கீறி உள்ளே காட்டியிருக்கிறாள். கடுகு மாதிரிப் பொடி விதை, கொழகொழவென்று. “இதையும் வறுத்துத் தின்னுருக்கோம்டா” என்றாள். என் கழுத்தில் அப்போது மாலை கிடந்தது. அப்பத்தா இருபத்தைந்து வயசில் தாலி அறுத்தவள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாட்டு தெரியாது. பின்னால் இதைப் படித்த அன்றைக்கு இரண்டும் போய் ஒட்டிக்கொண்டன.

அந்த வரிசையிலேயே, இரண்டு பாட்டுக்கு முன்னால், பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பேசுகிறாள். ‘பல்சான் றீரே பல்சான் றீரே’ என்று, தீப்புகாதே என்று தடுத்த பெரியவர்களைப் பார்த்து. அதுவும் ஒரு திறந்த மடல்தான். அவள் எடுத்த முடிவை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருக்கச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். நெய் படாமல் பிழிந்தெடுத்த சோற்றுருண்டை, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல்லின் மேல் படுக்கை. சொல்லிவிட்டு, தாமரைக் குளமும் தீயும் தனக்கு ‘ஓரற்றே’, ஒன்றுதான் என்கிறாள். நீர் × நெருப்பு என்பது ஒன்றாம் வகுப்பு எதிர்ச்சொல். அதையே அழித்துவிட்டாள்.

பட்டினத்தாரைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் என் அம்மா என்னை மன்னிக்க மாட்டாள். தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது அவர் பாடிய வெண்பாக்கள் ஊரில் ஓதுவார் இல்லாத சாவில்கூட ஒலிபெருக்கியில் கேட்கும். அவற்றில் ஒன்றில், வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் வைத்து வளர்த்து ‘சிறகிலிட்டு’க் காப்பாற்றியவளையா ‘விறகிலிட்டு’த் தீமூட்டுவேன் என்கிறார். சிறகு, விறகு. எங்கள் பழைய முதலாளி இருந்தால் இதற்கும் இரண்டு தரம் புரூஃப் பார்க்கச் சொல்லியிருப்பார். ‘சி’யை எடுத்துவிட்டு ‘வி’ போட்டதில் அணைத்த இடம் எரிகிற இடமாகிவிடுகிறது.

இன்னொரு வெண்பா ‘அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு’ என்று தொடங்கும். அந்த அரிசியை எங்கே இடுகிறார் என்று கடைசி வரை சொல்ல மாட்டார். தேனே, அமிர்தமே, மானே என்றெல்லாம் கொஞ்சியதைச் சொல்லிக்கொண்டே போய், ‘எனஅழைத்த வாய்க்கு’ என்று முடிப்பார். என்னைக் கூப்பிட்ட வாய்க்கு. பாரி மகளிர் அப்பாவைக் கடைசிச் சொல்லில் வைத்த மாதிரியே இவர் அம்மாவின் வாயைக் கடைசிச் சொல்லில் வைத்திருக்கிறார்.

என் அம்மா போன அன்று மயானத்தில் யாரோ என் உள்ளங்கையில் பச்சரிசியைக் கொட்டினார்கள். மூன்று தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். வீட்டுக்கு வந்து, தலை முழுகி, ஈரத்துணியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. எத்தனையோ வருஷம் என் வாயில் சோறு பிசைந்து வைத்தவளுக்கு நான் ஊட்டியது அதுதான் முதல் தடவை. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் “சாப்பிட்டியா?” என்று அவள் கேட்டிருக்கிறாள், நான் கேட்டதில்லை. என் கல்யாணத்தில் இதே அரிசியில் மஞ்சள் கலந்து என் தலையில் போட்டிருக்கிறாள். அரிசிக்கு எதிர்ச்சொல் என்ன, ஐயா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ‘முரண் சொற்களை எடுத்தெழுதுக’ என்பதை நீங்கள் எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும், பிள்ளைகள் இரண்டு மதிப்பெண் வாங்கட்டும். அதற்கடுத்து, ‘இப்பாடலில் மாறாமல் இருப்பது எது?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஒருவன் நிலா என்பான், ஒருவன் குன்று என்பான். அங்கேயே ஒரு சண்டை வரும். குன்று மாறவில்லைதான், ஆனால் ‘எம்’ குன்று போய்விட்டதே என்று பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து கேட்கும். விடைக்குறிப்பில் அடங்காது என்பீர்கள். அடங்காததற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்க முடியாது என்றால் மதிப்பெண்ணே வேண்டாம். சிவப்புக் கோடு போடாமல் விட்டாலே போதும்.

கடைசியாக ஒரு பாட்டு. எங்களைப் போலத் தொழில் செய்கிறவனைக் கூப்பிட்டுச் சொன்னது என்பதால் எனக்கு இதன்மேல் தனி உரிமை. புறநானூறு 256. பாடியவர் பேர் கிடைக்கவில்லை. கணவனோடு எத்தனையோ வழி நடந்து வந்தவள், ஊர்க் குயவனைக் கூப்பிடுகிறாள். ‘கலம்செய் கோவே கலம்செய் கோவே!’ வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வருகிற சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவரோடு ஒட்டிக்கொண்டே வந்தவள் நான். எனக்கும் இரக்கப்பட்டு, அவரைப் புதைக்கிற தாழியைக் கொஞ்சம் ‘அகலிதாக வனைமோ’. அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. ஒரு ஆர்டர், அதில் அளவில் ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு பெரியவர் வந்தார். மனைவிக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள், சுவரில் மாட்டப் பெரிய போட்டோ வேண்டும். 12க்கு 18 அங்குலம், லேமினேஷன். படத்தை வழக்கம் போல நடுவில் வைத்து, மேலே பேரும், இடது பக்கம் ‘தோற்றம்’, வலது பக்கம் ‘மறைவு’ என்று தேதியும் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“நடுவுல வேணாம் தம்பி. அவளை ஓரமா வைங்க.”

“ஓரமா வச்சா இந்தப் பக்கம் சும்மா கிடக்குமேய்யா. ஏதாச்சும் பூ, விளக்கு போட்டுறவா?”

“ஒண்ணும் போடாதீங்க. சும்மா கிடக்கட்டும். அகலம் பத்துமா பாருங்க, இன்னும் கொஞ்சம் கூட்டுனாலும் சரி.”

படத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, அகலத்தை 24 ஆக்கினேன். சைஸ் கூடியதற்கு எவ்வளவு கூட என்று கேட்டு, எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா